பிராக்ஸிக்குப் பின்னால் கிளாம்ஏவி: ஃப்ரெஷ்கிளாமைச் சரியாக அமைப்பது எப்படி

கல்லூரி ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ இருக்கும் ஓர் உபுண்டு கணினியில் கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸை நிறுவியிருக்கிறீர்கள். பிரவுசரில் எல்லாத் தளங்களும் திறக்கின்றன. ஆனால் வைரஸ் அடையாளக் கோப்புகளை இறக்குவதற்காக அதன் துணை நிரலான ஃப்ரெஷ்கிளாமை ஓட்டினால், நெடுநேரம் அசையாமல் நின்றுவிட்டு, இணைக்க முடியவில்லை என்கிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். அந்த வலையமைப்பிலிருந்து வெளியே போக, நடுவில் நின்று போக்குவரத்தைக் கடத்திவிடும் பிராக்ஸி சர்வர் மட்டுமே வழி. பிரவுசருக்கு அந்த வழி தெரியும். ஃப்ரெஷ்கிளாமுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

இதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. ஆன்டிவைரஸ் இல்லாத கணினியில் நாம் எச்சரிக்கையாகவாவது இருப்போம். பழைய அடையாளங்களோடு ஓடும் ஆன்டிவைரஸோ, நேற்று வந்த தீநிரலைப் பார்த்துவிட்டுத் தொற்று எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுக்கும், நாமும் அதை நம்பிவிடுவோம். தரவுத்தளம் 7 நாளுக்கு மேல் பழையதாகிவிட்டால், ஸ்கேன் செய்யும் நிரலான கிளாம்ஸ்கேன் ஓர் எச்சரிக்கை காட்டத்தான் செய்கிறது. ஆனால் இரவில் தானாக ஓடும் ஸ்கேனின் வெளியீட்டை முழுதாகப் படிப்பவர்கள் குறைவு.

கிளாம்ஏவி பற்றிச் சுருக்கமாக: இது திறந்த மூல மென்பொருள். 2007இல் சோர்ஸ்ஃபயர் நிறுவனம் இதை வாங்கியது, 2013இல் சோர்ஸ்ஃபயரை சிஸ்கோ வாங்கியது. இப்போது சிஸ்கோவின் டேலோஸ் குழு பராமரிக்கிறது. ஸ்கேன் செய்வது கிளாம்ஸ்கேன் அல்லது கிளாம்டி. அவற்றுக்குத் தேவையான மெயின், டெய்லி, பைட்கோட் என்ற மூன்று தரவுக் கோப்புகளைக் கொண்டுவருவது ஃப்ரெஷ்கிளாம். இந்த மூன்று நிரல்களில் இணையத்துக்குப் போவது ஃப்ரெஷ்கிளாம் மட்டும்தான், அதனால் பிராக்ஸி அமைப்பும் அதற்கு மட்டும் போதும். கிளாம்ஸ்கேனில் பிராக்ஸி அமைப்பைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், அங்கே அப்படி ஒன்று கிடையாது.

இந்தக் கட்டுரையில் கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்ச வேண்டும். பெரிய எழுத்து வர வேண்டிய இடங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் கேட்டு வாங்க வேண்டிய விவரங்கள்

எந்தக் கோப்பையும் திறப்பதற்கு முன், வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவரிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். பிராக்ஸியின் முகவரி என்ன? போர்ட் எண் என்ன? பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்குமா? எச்டிடிபிஎஸ் போக்குவரத்தை அது திறந்து பார்க்குமா?

போர்ட் எண்ணை ஊகிக்க வேண்டாம். ஸ்க்விட் பிராக்ஸியின் இயல்பு எண் 3128, பல இடங்களில் 8080 வைத்திருப்பார்கள், இரண்டும் இல்லாமல் வேறு எண்ணாகவும் இருக்கலாம். நான்காவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. சான்றிதழ்ப் பிழை வந்த பிறகுதான் அதன் அருமை தெரியும், அதற்குப் பின்னால் வருகிறேன்.

கேட்க ஆள் இல்லையென்றால் பிரவுசரின் நெட்வொர்க் அமைப்புகளைப் பாருங்கள். அங்கே முகவரியும் எண்ணும் நேரடியாக இருந்தால் வேலை முடிந்தது. ‘தானியங்கி அமைப்பு முகவரி’ என்று ஓர் இணைப்பு மட்டும் இருந்தால், அது பேக் கோப்பு எனப்படும் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல். பிரவுசர் அதை ஓட்டிப் பார்த்து வழியைத் தெரிந்துகொள்ளும், கட்டளைவரிக் கருவிகள் அதைச் செய்யாது. அந்த இணைப்பைத் தரவிறக்கி ஒரு எடிட்டரில் திறந்தால், பிராக்ஸி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் முகவரியும் போர்ட்டும் எழுதியிருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பது

ஃப்ரெஷ்கிளாமைத் தொடுவதற்கு முன், கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி கொண்டு பிராக்ஸியைச் சோதியுங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு குழம்புகிறார்கள். பிராக்ஸியில் கோளாறா, ஃப்ரெஷ்கிளாமின் அமைப்பில் கோளாறா என்று பிரித்துப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

கர்ல் -வி --பிராக்ஸி எச்டிடிபி://பிராக்ஸியின்-முகவரி:3128 எச்டிடிபிஎஸ்://எக்ஸாம்பிள்.காம்

பாஸ்வேர்டு கேட்கும் பிராக்ஸி என்றால், --பிராக்ஸி-யூசர் என்று சேர்த்துப் பயனர் பெயரை மட்டும் கொடுங்கள். பாஸ்வேர்டைக் கர்ல் தானே கேட்கும். கட்டளையிலேயே பாஸ்வேர்டையும் எழுதினால் அது ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் தங்கிவிடும்.

இங்கே நடப்பது இதுதான்: கர்ல் முதலில் பிராக்ஸியிடம் போய், கனெக்ட் என்ற வேண்டுகோளுடன் அந்தத் தளத்தின் 443ஆம் போர்ட்டுக்கு ஒரு சுரங்கப்பாதை கேட்கிறது. பிராக்ஸி சம்மதித்தால் 200 என்று பதில் சொல்லும். அதன் பிறகுதான் தளத்தோடு மறையாக்கப் பேச்சு தொடங்கும். ஃப்ரெஷ்கிளாமும் உள்ளே கர்லின் நூலகத்தையே பயன்படுத்துகிறது (2019இல் வந்த 0.102 பதிப்பிலிருந்து). எனவே இங்கே கிடைக்கும் பதில் அங்கேயும் பெரும்பாலும் பொருந்தும்.

பதிலில் 407 வந்தால் பிராக்ஸி உங்களை அடையாளம் கேட்கிறது, பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு அல்லது கொடுக்கவே இல்லை. கனெக்ட் கேட்டவுடனே 403 வந்தால் அந்தத் தளத்துக்குப் போக பிராக்ஸியின் விதி தடுக்கிறது. பிராக்ஸியின் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் முகவரியில் எழுத்துப் பிழை இருக்கலாம் அல்லது உள் டிஎன்எஸ் (பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) சரியில்லை. இணைப்பு மறுக்கப்பட்டது என்றால் போர்ட் எண்ணைச் சரிபாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. சோதனைக்காக கிளாம்ஏவியின் தரவுக் கோப்பையே கர்லால் இறக்கிப் பார்க்க வேண்டாம். டேட்டாபேஸ்.கிளாம்ஏவி.நெட் சர்வர், கர்ல், டபிள்யூகெட் போன்ற கருவிகளைத் தடுத்து வைத்திருக்கிறது. அங்கிருந்து 403 வரும், நீங்கள் பிராக்ஸியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

சூழல் மாறி மட்டும் ஏன் போதாது

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரை, எச்டிடிபிஎஸ்_பிராக்ஸி என்ற சூழல் மாறியை (ஷெல் தான் ஓட்டும் நிரல்களுக்குக் கொடுத்தனுப்பும் மதிப்பு) எக்ஸ்போர்ட் செய்யுங்கள் என்பது. டெர்மினலில் நீங்களே ஓட்டும் கருவிகளுக்கு அது நன்றாகவே உதவும். (எச்டிடிபி_பிராக்ஸி என்ற மாறியைச் சின்ன எழுத்தில் எழுதினால்தான் கர்ல் மதிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.) ஆனால் ஃப்ரெஷ்கிளாம் உங்கள் டெர்மினலில் வாழ்வதில்லை. உபுண்டுவிலும் டெபியனிலும் அது ஒரு சிஸ்டம்டி சேவையாகப் பின்னணியில் ஓடுகிறது. உங்கள் ஷெல்லில் வைத்த மாறி அந்தச் சேவைக்குப் போய்ச் சேராது. கையால் ஓட்டும்போதுகூட, சூடோ போட்டவுடன் பெரும்பாலான சூழல் மாறிகள் கழன்றுவிடும்.

இதனால்தான் ‘நேற்று கையால் ஓட்டியபோது வேலை செய்தது, இன்று லாக் முழுக்கப் பிழையாக இருக்கிறது’ என்ற புகார் அடிக்கடி வருகிறது. கருவியின் சொந்தக் கட்டமைப்புக் கோப்பில் எழுதுங்கள். யார் ஓட்டினாலும், எப்போது ஓட்டினாலும் அது ஒன்றுபோலப் படிக்கப்படும்.

கோப்பில் எழுதுவது

முதலில் பின்னணியில் ஓடும் சேவையை நிறுத்துங்கள்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கிளாம்ஏவி-ஃப்ரெஷ்கிளாம்

நிறுத்தாமல் கையால் ஃப்ரெஷ்கிளாமை ஓட்டினால், லாக் கோப்பை இன்னொரு நிரல் பூட்டி வைத்திருக்கிறது என்று ஒரு பிழை வரும். புதியவர்கள் அதைப் பார்த்து அனுமதிப் பிரச்சினை என்று நினைத்து லாக் கோப்பை அழிக்கிறார்கள். தேவையே இல்லை.

கோப்பு இருக்கும் இடம், டெபியன் குடும்பத்தில்:

/இடிசி/கிளாம்ஏவி/ஃப்ரெஷ்கிளாம்.கான்ஃப்

ஃபெடோரா குடும்பத்தில் அது நேராக இடிசி அடைவிலேயே இருக்கும். மூல நிரலிலிருந்து தொகுத்து நிறுவியவர்கள், மாதிரிக் கோப்பில் ‘எக்ஸாம்பிள்’ என்று தனியாக நிற்கும் ஒரு வரியை நீக்க வேண்டும் அல்லது அதன் முன் ஹாஷ் குறி போட வேண்டும். அந்த வரி இருக்கும்வரை ஃப்ரெஷ்கிளாம் கிளம்பாது.

திருத்துவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, இந்த இரண்டு வரிகளைச் சேருங்கள்:

எச்டிடிபிபிராக்ஸிசெர்வர் பிராக்ஸியின்-முகவரி
எச்டிடிபிபிராக்ஸிபோர்ட் 3128

எச்டிடிபி என்ற நான்கு எழுத்தும் பெரியவை. பிறகு வரும் பிராக்ஸி, செர்வர், போர்ட் ஆகிய சொற்களின் முதல் எழுத்து மட்டும் பெரியது. பெயருக்குள் இடைவெளி கிடையாது, பெயருக்கும் மதிப்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு, சமக்குறி கிடையாது. போர்ட் எண்ணை முகவரியோடு ஒட்டாமல் தனி வரியிலேயே கொடுங்கள்.

முகவரிக்கு முன்னால் எதுவும் எழுதாவிட்டால் சாதாரண எச்டிடிபி பிராக்ஸி என்று எடுத்துக்கொள்ளும். சாக்ஸ் வகை பிராக்ஸி என்றால் சாக்ஸ்5:// என்று முகவரிக்கு முன் சேர்க்கலாம். இங்கே ஒரு குழப்பம் வரும். தரவுக் கோப்புகள் எச்டிடிபிஎஸ் வழியாக வருகின்றனவே, அப்படியானால் பிராக்ஸி முகவரிக்கு முன்னாலும் எச்டிடிபிஎஸ் போட வேண்டுமா? வேண்டாம். அந்த முன்னொட்டு, உங்கள் கணினி பிராக்ஸியோடு எப்படிப் பேசுகிறது என்பதைத்தான் குறிக்கிறது. பெரும்பாலான பிராக்ஸிகளோடு பேச்சு சாதாரண எச்டிடிபியில்தான் நடக்கும், உள்ளே போகும் சுரங்கம் மட்டும் மறையாக்கப்பட்டிருக்கும். தேவையில்லாமல் எச்டிடிபிஎஸ் போட்டால் மறையாக்கப் (டிஎல்எஸ்) பிழைதான் கிடைக்கும்.

அடையாளம் கேட்கும் பிராக்ஸிக்கு இன்னும் இரண்டு வரிகள்:

எச்டிடிபிபிராக்ஸியூசர்நேம் உங்கள்-பயனர்-பெயர்
எச்டிடிபிபிராக்ஸிபாஸ்வேர்டு உங்கள்-பாஸ்வேர்டு

இங்கேயும் யூசர்நேம், பாஸ்வேர்டு ஆகிய சொற்களின் முதல் எழுத்து மட்டும் பெரியது. இவற்றை எழுதியவுடன் இன்னொரு கடமை சேர்ந்துகொள்கிறது. பாஸ்வேர்டு இந்தக் கோப்பில் அப்படியே, மறையாக்கம் இல்லாமல் கிடக்கிறது. கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் படிக்கும் நிலையில் அதை விடக் கூடாது. ஃப்ரெஷ்கிளாமும் இதில் கண்டிப்பானது: பாஸ்வேர்டு வரி இருந்து, குழுவுக்கோ மற்றவர்களுக்கோ எந்த அனுமதியும் திறந்திருந்தால், அனுமதி 0700க்கு மேல் இருக்கக் கூடாது என்று சொல்லி நின்றுவிடும். இது நல்ல வழக்கம். மற்றக் கருவிகளும் இப்படிச் செய்தால் நன்றாக இருக்கும். தீர்வு ஒரே வரி:

சூடோ சிஹெச்மோட் 600 /இடிசி/கிளாம்ஏவி/ஃப்ரெஷ்கிளாம்.கான்ஃப்

கோப்பின் உரிமையாளர் கிளாம்ஏவி என்ற பயனர்தானா என்று எல்எஸ் -எல் போட்டு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சொந்த உள்நுழைவு விவரங்களை இங்கே போடாமல், இந்தக் கணினிக்கென்று தனிக் கணக்கு ஒன்றைக் கேட்டு வாங்குவதுதான் சரி. உங்கள் பெயரில் மின்னஞ்சல் முதல் சம்பளப் பட்டியல் வரை திறக்கும் பாஸ்வேர்டு, ஒரு கட்டமைப்புக் கோப்பில் கிடக்க வேண்டிய பொருள் அல்ல. பிராக்ஸி விண்டோஸ் டொமைன் முறையில் அடையாளம் கேட்டால், சிஎன்டிஎல்எம் என்ற சிறிய இடைப் பிராக்ஸியை அதே கணினியில் ஓட்டி, ஃப்ரெஷ்கிளாமை 127.0.0.1க்குத் திருப்பிவிடலாம்.

டெபியனிலும் உபுண்டுவிலும் கோப்பைக் கையால் திருத்தாமல் இப்படியும் செய்யலாம்:

சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிளாம்ஏவி-ஃப்ரெஷ்கிளாம்

அது கேள்விகளாகக் கேட்டுக் கோப்பைத் தானே எழுதும், அதில் பிராக்ஸி பற்றிய கேள்வியும் உண்டு. ஆனால் இப்படி மறுபடி அமைக்கும்போது, கோப்பில் நீங்கள் எழுதிவைத்த குறிப்புரைகள் அழிந்துவிடும். முடிந்ததும் கோப்பின் அனுமதியையும் மறுபடி பாருங்கள்.

டிஎன்எஸ் தரும் தொல்லை

பிராக்ஸியைச் சரியாகக் கொடுத்த பிறகும் தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கை வரலாம்: டிஎன்எஸ் பதில் சரியில்லை, எச்டிடிபி முறைக்கு மாறுகிறேன் என்ற பொருளில். காரணம் இது. புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்க, ஃப்ரெஷ்கிளாம் ஒவ்வொரு முறையும் கோப்பை இறக்குவதில்லை. கரண்ட்.சிவிடி.கிளாம்ஏவி.நெட் என்ற பெயரின் டிஎன்எஸ் பதிவைக் கேட்கிறது, அதில் நடப்புப் பதிப்பு எண்கள் இருக்கின்றன. சர்வருக்குச் சுமை இல்லாத அழகான ஏற்பாடு. ஆனால் டிஎன்எஸ் கேள்வி பிராக்ஸி வழியாகப் போகாது. மூடிய வலையமைப்பில் வெளிப் பெயர்களை உள் டிஎன்எஸ் தீர்த்துவைப்பதும் இல்லை.

முடிந்தால் அந்த ஒரு பெயரைத் தீர்த்துவைக்க உள் டிஎன்எஸ்ஸில் அனுமதி கேளுங்கள். அதுதான் சிறந்த தீர்வு. முடியாது என்றால் ஃப்ரெஷ்கிளாமை ஓட்டும் கட்டளையில் --நோ-டிஎன்எஸ் என்று சேர்த்துவிடுங்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு சோதனையும் சர்வரையே தொடும், எனவே கோப்பில் செக்ஸ் (முதல் எழுத்து மட்டும் பெரியது) என்ற வரியில் ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்க்க வேண்டும் என்ற எண்ணைக் குறைத்து வையுங்கள். 2 அல்லது 3 போதும்.

கையால் ஓட்டிப் பார்ப்பது

சூடோ ஃப்ரெஷ்கிளாம் --வெர்போஸ்

எல்லாம் சரியென்றால் மூன்று கோப்புகளும் ஒவ்வொன்றாக இறங்கும், அல்லது ஏற்கெனவே நடப்பில் இருக்கின்றன என்று வரும். முதல் முறை நேரம் எடுக்கும், மெயின் கோப்பு பெரியது. பாதியில் நேரம் கடந்துவிட்டது என்று நின்றால் கோப்பில் ரிசீவ்டைம்அவுட் (ஆர், டி இரண்டும் பெரிய எழுத்து) என்ற வரியைப் பாருங்கள். அதில் 30 அல்லது 60 என்று இருந்தால், மெதுவான பிராக்ஸி வழியில் பெரிய கோப்பு முடியாது. 0 என்று வைத்தால் அந்தக் காலவரம்பு நீங்கும்.

சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை, சான்றிதழ்ச் சங்கிலியில் சுயகையொப்பமிட்ட சான்றிதழ் இருக்கிறது என்பது போன்ற பிழை வந்தால், முதலில் கேட்கச் சொன்ன நான்காவது கேள்வியின் பதில் ‘ஆம்’ என்று பொருள். பிராக்ஸி நடுவில் நின்று மறையாக்கத்தைத் திறந்து பார்த்து, தன் சொந்தச் சான்றிதழோடு மறுபடி மூடி அனுப்புகிறது. உங்கள் கணினிக்கு அந்தச் சான்றிதழை வழங்கியவரைத் தெரியாது.

நிறுவனத்தின் மூலச் சான்றிதழைப் பெற்று, அதன் பெயர் சிஆர்டி என்ற பின்னொட்டோடு முடியும்படி வைத்து, /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/சிஏ-சர்டிஃபிகேட்ஸ் அடைவில் போடுங்கள். பிறகு:

சூடோ அப்டேட்-சிஏ-சர்டிஃபிகேட்ஸ்

அதற்குப் பிறகும் பிழை நீடித்தால், கர்ல்_சிஏ_பண்டில் என்ற சூழல் மாறியில் (எல்லாம் பெரிய எழுத்து) சான்றிதழ்த் தொகுப்பின் பாதையைக் கொடுக்கலாம். ஷெல் மாறி சேவைக்குப் போகாது என்று பார்த்தோம் அல்லவா, அதனால் இதை ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ கொண்டு சேவையின் அமைப்பிலேயே சேர்க்க வேண்டும். சான்றிதழைத் தருபவர் உங்கள் வலையமைப்பின் பொறுப்பாளர்தான் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். மூலச் சான்றிதழ் ஒன்றை நம்பினால், அது கையொப்பமிடும் எல்லாத் தளத்தையும் நம்பியதாகிவிடும். இதற்கு மாற்றாக, டேட்டாபேஸ்.கிளாம்ஏவி.நெட் தளத்தை மட்டும் திறந்து பார்க்காமல் விடும்படி பிராக்ஸியில் விதிவிலக்குக் கேட்கலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான், கணினிகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஒரே பிராக்ஸி, பல கணினிகள்

ஓர் ஆய்வகத்தில் 60 கணினிகள் இருந்து, எல்லாம் ஒரே பிராக்ஸி வழியாகப் போனால், கிளாம்ஏவி சர்வருக்கு அவை அனைத்தும் ஒரே முகவரியிலிருந்து வருவதாகத்தான் தெரியும். அளவுக்கு மீறினால் 429 என்று பதில் வரும். ஃப்ரெஷ்கிளாமும் சில மணி நேரத்துக்குக் கேட்பதை நிறுத்திவைக்கும். இந்த நேரத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது நிலைமையை இன்னும் கெடுக்கும். 403 வந்தால், உங்கள் கிளாம்ஏவி பதிப்பு ஆதரவு முடிந்த பழைய பதிப்பா என்று முதலில் பாருங்கள், பழைய பதிப்புகளை அந்தச் சர்வர் மறுத்துவிடுகிறது.

பிராக்ஸியே ஒரு நகல் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கொடுக்காதா என்று தோன்றும். போக்குவரத்தைத் திறந்து பார்க்காத பிராக்ஸிக்கு எச்டிடிபிஎஸ் சுரங்கத்துக்குள் என்ன போகிறது என்று தெரியாது, அதனால் நகல் வைக்க முடியாது. இதற்கென்று கிளாம்ஏவி குழுவே சிவிடிஅப்டேட் என்ற பைத்தான் கருவியைத் தருகிறது. ஒரே ஒரு கணினியில் அதை பிப் மூலம் நிறுவி, ‘சிவிடி அப்டேட்’ என்று ஓட்டினால் கோப்புகள் அங்கே சேரும். இங்கே எச்டிடிபிஎஸ்_பிராக்ஸி சூழல் மாறி வேலை செய்யும், ஆனால் பதிப்பு எண்ணுக்கு டிஎன்எஸ் தேவை. அந்த அடைவை இன்ஜின்எக்ஸ் போன்ற ஒரு வெப் சர்வரில் வைத்து, மற்ற 59 கணினிகளின் கோப்பில் பிரைவேட்மிரர் (பி, எம் இரண்டும் பெரிய எழுத்து) என்ற வரியில் அதன் முகவரியைக் கொடுத்துவிடலாம். அந்தக் கணினிகளில் பிராக்ஸி வரிகளை மறக்காமல் நீக்குங்கள். இல்லாவிட்டால் பக்கத்து அறையில் இருக்கும் சர்வரைத் தேடி பிராக்ஸிக்குப் போய்த் திரும்பும், பல பிராக்ஸிகள் உள் முகவரிகளுக்கு வழிவிடுவதும் இல்லை.

சேவையைத் தொடங்கி உறுதிசெய்வது

சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் கிளாம்ஏவி-ஃப்ரெஷ்கிளாம்

பிறகு /வார்/லாக்/கிளாம்ஏவி அடைவில் ஃப்ரெஷ்கிளாமின் லாக்கைத் திறந்து, கையால் ஓட்டியபோது கண்ட அதே வரிகள் சேவை ஓடும்போதும் வருகின்றனவா என்று பாருங்கள். கிளாம்ஸ்கேன் --வெர்ஷன் என்று தட்டினால், மென்பொருள் பதிப்போடு தரவுத்தளத்தின் எண்ணும் தேதியும் சேர்ந்து வரும். அந்தத் தேதி புதியதாக இருந்தால் பிராக்ஸி வழி திறந்துவிட்டது.

ஸ்கேனும் வேலை செய்கிறதா என்று பார்க்க ஐகார் சோதனைக் கோப்பு இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட, தீங்கு எதுவும் செய்யாத ஒரு கோப்பு, எல்லா ஆன்டிவைரஸும் அதைப் பிடிக்கும்படி ஒப்புக்கொண்ட ஒன்று. பிராக்ஸியிலேயே வைரஸ் வடிகட்டி இருந்தால் அதை இறக்கவே விடாது. அப்போது அந்த 68 எழுத்துகளை எடிட்டரில் தட்டச்சு செய்து சேமித்து, அதை ஸ்கேன் செய்யுங்கள்.

கடைசியாக, நாட்காட்டியில் ஒரு குறிப்பு. பல நிறுவனங்களில் பிராக்ஸி பாஸ்வேர்டு சில மாதங்களுக்கு ஒருமுறை காலாவதியாகும். பிரவுசர் உடனே புதியதைக் கேட்கும், நீங்களும் கொடுத்துவிடுவீர்கள். ஃப்ரெஷ்கிளாம் யாரையும் கேட்காது, லாக்கில் 407 என்று எழுதிவிட்டு அடுத்த முறைக்குக் காத்திருக்கும். பாஸ்வேர்டு மாறும் தேதிக்கு மறுநாள் கோப்பைத் திருத்தி, சேவையை ரீஸ்டார்ட் செய்து, கிளாம்ஸ்கேன் --வெர்ஷனில் தேதி நகர்கிறதா என்று பாருங்கள்.